காலேஜ்ல இசை படிக்கிற பசங்களுக்குத் தனி கிளாஸ் எதுக்கு

ஏப்ரல் கடைசி ஆனா போதும், போன் வர ஆரம்பிச்சிரும். "அண்ணா லீவுக்கு ஊருக்கு வந்துட்டேன், ஒரு மாசம் உங்ககிட்ட உக்காரணும்." சென்னை, திருவையாறு, கோயமுத்தூர்னு அரசு இசைக் கல்லூரில படிக்கற நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கத்துப் பசங்க, சிதம்பரம் அண்ணாமலைல படிக்கறவங்க, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளில நாயனம் (நாதஸ்வரம்) முடிச்சிட்டு மேல காலேஜ் சேந்தவங்க, அப்புறம் ஓசூர்ல இருந்து சாக்ஸபோன், கிளாரினெட் தூக்கிட்டு வர்றவங்க. சில பேர் கூட அப்பா அம்மாவும் வருவாங்க, அவங்க கேக்கற கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "காலேஜ்லதான் வாத்தியார் இருக்காரே, அங்கயும் ஃபீஸ் கட்டறமே, அப்புறம் எதுக்குங்க தனியா?"

நியாயமான கேள்வி. வயக்காட்டு வேலைய விட்டுட்டு பையன பஸ்ல கூட்டிட்டு வந்து கேக்கறாங்க, அதுக்கு உருப்படியா பதில் சொல்லணும்னுதான் இதை எழுதறேன்.

காலேஜ்ல பாடம் நல்லாத்தான் நடக்குது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. வர்ணம், கீர்த்தனை, ராக லட்சணம், தாள சாஸ்திரம், இசை வரலாறு, எல்லாம் ஒழுங்கா ஒரு வரிசைல வருது, தனியா ஒரு வாத்தியார்கிட்ட மட்டும் கத்துக்கற பையனுக்கு அந்த வரிசை கிடைக்காது. ஆனா ஒரு ரூம்ல ஏழெட்டு பேர் ஒரே நேரத்துல நாயனத்த வெச்சிக்கிட்டு வாசிச்சா யாரோட சத்தம் எங்க உடையுதுன்னு எந்த மகானுக்கும் தெரியாது. பாட்டு சரியா வந்துச்சா, தாளம் நின்னுச்சா, அதான் தெரியும். நாதம் எப்படி இருக்குன்னு கேக்கணும்னா ஒரு பையன், ஒரு வாத்தியார், ஒரு சுருதிப்பெட்டி, வேற யாரும் அந்த இடத்துல இருக்கக்கூடாது. தனி கிளாஸ்னா எனக்கு அதுதான்.

அதனால வந்த உடனே புதுக் கீர்த்தனை எதுவும் ஆரம்பிக்கமாட்டேன். பசங்களுக்கு இது முதல்ல ஏமாத்தமாத்தான் இருக்கும், ஏன்னா அவங்க நோட்டுல ஒரு லிஸ்ட் எழுதிட்டு வருவாங்க, இந்த ராகத்துல ஆலாபனை வேணும், அந்தப் பல்லவி வேணும்னு. நான் சொல்றது, முதல்ல ஒரு சட்ஜம், அதான் 'ஸ', பிடி. மூச்சு இருக்கற வரைக்கும் நிறுத்து. அப்புறம் பஞ்சமம். அப்புறம் மேல் சட்ஜம். அவ்வளவுதான் முதல் நாள். ஆரம்பம் கனமா இருக்கா, நடுவுல ஆடுதா, முடியும்போது சுருதி கீழ இறங்குதா, இந்த மூணையும் கேட்டா அந்தப் பையன் ஒரு வருஷமா எப்படி சாதகம் பண்ணிருக்கான்னு மொத்தமும் தெரிஞ்சிரும். பெரும்பாலானவங்களுக்கு முடிவுலதான் இறங்கும், மூச்சு தீரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே வயித்த விட்டுட்டு தொண்டைல இருந்து தள்ளுவாங்க, அங்க நாதம் மெலிஞ்சு போகும். கார்வைய, அதாவது நீட்டிப் பிடிக்கற ஸ்வரத்த, முடிக்கத் தெரிஞ்சவன் பாட்ட முடிப்பான்.

அடுத்து சீவாளி, நாயனத்துல வாயில வெச்சு ஊதற தட்டை. இதப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா காலேஜ்ல இதுக்கு நேரமே கிடைக்கறதில்ல.

போன மே மாசம் பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு பையன் வந்தான், ரெண்டாவது வருஷம் படிக்கறான், நல்ல விரல், வேகமா ஓடும். ஆனா மேல்ஸ்தாயி காந்தாரம் போனாலே கிறீச்னு கத்தும். ரெண்டு வருஷமா அது தன்னோட உதடு பிரச்சனைன்னு நெனச்சிட்டு உதட்ட இறுக்கி இறுக்கிக் கடிச்சே வாசிச்சிருக்கான், உள்பக்கம் பல்லு அச்சு பதிஞ்சிருக்கு. நான் நாயனத்த வாங்கி ஓரமா வெச்சிட்டு, வெறும் சீவாளிய மட்டும் வாயில வெச்சு ஊதுடா கண்ணுன்னு சொன்னேன். ஊதினான். ஒரு பக்கத்து தட்டை அசையுது, இன்னொரு பக்கம் அப்படியே கெட்டியா நிக்குது. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா வாய் கோணல், ஒரு ஓரம் ஒட்டிக்கிட்டு இன்னொரு ஓரம் திறந்து கிடக்கு. எச்சில்ல நல்லா ஊற வெச்சு, கட்டைவிரல் ஆள்காட்டி விரல் நடுவுல வெச்சு, மேல இருந்து கீழ இல்லாம பக்கவாட்டுல மெதுவா அமுக்கி, நடுவுல குச்சிய விட்டு வாயைத் திறந்து, மறுபடி ஊதிப் பாத்து, மறுபடி அமுக்கி, அரைமணி நேரம் அதே வேலை. அதுக்கப்புறம் அதே சீவாளில அதே காந்தாரம் எந்தக் கடியும் இல்லாம வந்துச்சு. அவன் முகத்தப் பாத்திருக்கணும் நீங்க.

சீவாளி நாணல் தட்டைல செய்யறது, காவேரிக்கரைப் பக்கம் விளையறது, திருவாவடுதுறைல அதச் செய்யறதுக்குன்னே குடும்பங்க இருக்கு. நம்ம பசங்க டஜன் கணக்குல வாங்கிட்டு வருவாங்க, அதுல எல்லாமே வாசிக்கற பதத்துல இருக்காது. அத எடுத்து, ஊற வெச்சு, கொஞ்ச கொஞ்சமா பழக்கி, எது கல்யாணத்துக்கு, எது கச்சேரிக்கு, எது சாதகத்துக்குன்னு பிரிச்சு நாயனத்துலயே கயித்துல கட்டித் தொங்கவிடறது ஒரு தனி வித்தை. அத புஸ்தகத்துல எழுதி வெக்க முடியாது, பக்கத்துல உக்காந்து விரலப் பாத்துத்தான் கத்துக்கணும். சாக்ஸ், கிளாரினெட் பசங்களுக்கும் இதேதான், ரீட் ரெண்டு நம்பரா, ரெண்டரையா, மூணான்னு கேட்டு கடைல வாங்கறதோட முடிஞ்சிரும்னு நெனைக்கறாங்க. ஒரே டப்பால வர்ற பத்து ரீடும் பத்து விதமா பேசும். ஒவ்வொண்ணையும் கொஞ்ச நேரம் ஊதி, தேதி போட்டு, மாத்தி மாத்தி உபயோகிக்கணும். ஒரே ரீட்ட உடையற வரைக்கும் வெச்சு ஊதறது காசு மிச்சம் மாதிரி தெரியும், உண்மைல உதடு அந்தத் தேஞ்சு போன ரீடுக்குப் பழகி, புதுசு போட்டா ரெண்டு நாள் சத்தமே வராது.

இன்னொண்ணு நம்ம ஊர் வெயில். தருமபுரில மே மாசம் வாசிக்கறதும் ஓசூர்ல டிசம்பர் காலைல வாசிக்கறதும் ஒண்ணு கிடையாது. காத்து ஒரு டிகிரி சூடானா அதுல சத்தம் போற வேகம் செகண்டுக்கு 0.6 மீட்டர் மாதிரி கூடுது, அதனால ஊதற வாத்தியத்துல சுருதி கணக்குப்படி ஒரு டிகிரிக்கு சுமார் 3 சென்ட் ஏறும், பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஸ்வர ஸ்தானத்துக்கு நடுவுல இருக்கறது 100 சென்ட். ஏசி ஹால்ல 22 டிகிரில சேத்த சுருதி, வெளிய பந்தல்ல 37 டிகிரில எங்க போய் நிக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. நம்ம மூச்சே உள்ள சூடாத்தான் போகுது, அதனால முழுக்க அவ்வளவு ஏறாது, ஆனா காதுக்குத் தெரியற அளவுக்கு ஏறும். சுருதி ஆப் எந்த வெயில்லயும் நகராது. அப்ப நாயனக்காரன் சீவாளிலயும், அத சொருகற கெண்டைங்கற உலோகக் குழாய்லயும் சரி பண்ணுவான், சாக்ஸ்காரன் மௌத்பீஸ கொஞ்சம் வெளிய இழுப்பான், புல்லாங்குழல் பையன் என்ன பண்ணுவான்? உதட்டுக்கிட்ட குழல லேசா உருட்டி, ஊதற கோணத்த மாத்தித்தான் சமாளிக்கணும், அதுக்கும் மேல போச்சுன்னா வேற குழல எடுக்கணும். பரிட்சை சென்னைல ஏசி ரூம்ல நடக்கும், நீ இங்க மொட்டை மாடில சாதகம் பண்ற, ரெண்டு இடத்துக்கும் கை பழகணும்டான்னு சொல்லிட்டே இருப்பேன்.

சாதகம் எங்க பண்றதுங்கறதும் பெரிய விஷயம். நாயனம் வீட்டுக்குள்ள வாசிக்கற வாத்தியமே இல்ல. சின்ன ரூம்ல சுவத்துல பட்டு எதிரொலிச்சு எல்லாமே கனமா, அழகாத் தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கம்தான் எங்க பாத்தாலும் மாந்தோப்பு இருக்கே, விடியக்காலைல தோப்புக்குள்ள போய் வாசிங்கன்னு சொல்வேன். அங்க எதிரொலி கிடையாது, நீ குடுத்தது மட்டும்தான் காதுக்குத் திரும்ப வரும். முதல் வாரம் பசங்களுக்கு மனசே விட்டுப்போகும், என் சத்தம் இவ்வளவு சின்னதான்னு. ரெண்டாவது வாரத்துல இருந்து வயித்துல இருந்து ஊத ஆரம்பிச்சிருவாங்க. காவேரிப்பட்டணத்துப் பொண்ணு ஒண்ணு, நாயனம் படிக்குது, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு மூச்சு எங்க இருந்து வரும்னு சொந்தக்காரங்களே பேசினாங்களாம். மதுரை பொன்னுத்தாய் அம்மா அந்தக் காலத்துலயே மேடையேறி வாசிச்ச வாத்தியம் இது. அந்தப் பொண்ணு அவங்க மாமா தோப்புல வாசிச்சா ரோட்டுல போற டிவிஎஸ்காரங்க நிறுத்திட்டுக் கேக்கறாங்க இப்போ.

ஓசூர் பசங்க கதை வேற. அவங்கள்ல பாதி பேர் பெங்களூர்ல வெஸ்டர்ன் கத்துக்கிட்டு டிரினிட்டி கிரேடு பரிட்சை எழுதினவங்க, ஸ்டாஃப் நோட்டேஷன் தண்ணி பட்ட பாடு, இப்ப கர்நாடக சங்கீதமும் வேணும்னு வர்றாங்க. அவங்களுக்கு முதல் குழப்பம் கட்டை, அதாவது சட்ஜத்த எந்த உயரத்துல வெக்கறதுங்கற சுருதிக் கணக்கு. ஆல்டோ சாக்ஸ் ஈ ஃப்ளாட் வாத்தியம், அதுல சி விரல் வெச்சு ஊதினா வெளிய வர்றது ஈ ஃப்ளாட், அதாவது நம்ம கணக்குல ரெண்டரைக் கட்டை. பாரிங்கற நீள நாயனம் பேசற இடம் அது. அதனால அந்த சி விரலையே சட்ஜமா வெச்சுக்கோ, நாயனத்துக்காரங்க கூட உக்காந்து வாசிக்கலாம்னு சொன்னா கண்ணு விரியும். ஒரு கட்டைல, அதாவது சி-ல, பாடறவங்களுக்கு வாசிக்கணும்னா ஏ விரல்ல இருந்து சட்ஜம் ஆரம்பிக்கணும். கிளாரினெட் இன்னும் கஷ்டம், பி ஃப்ளாட் வாத்தியம், அதோட மேல்ஸ்தாயிக்குப் போக இருக்கற ரெஜிஸ்டர் கீய அழுத்தினா மேல் சட்ஜத்துக்குப் போகாது, மேல்ஸ்தாயி பஞ்சமத்துக்குத் தாவும், ஏன்னா உள்துளை நேர்க்குழாய், ஒரு பக்கம் மூடினது. நாயனமும் சாக்ஸும் கீழ போகப்போக அகலமாகற கூம்பு, அதனால அழகா ஒரு ஸ்தாயி ஏறும். அதனாலதான் நாயனத்துல இருந்து சாக்ஸுக்குப் போறவன் சீக்கிரம் பிடிச்சிக்கறான், கிளாரினெட்டுக்குப் போறவன் ரெண்டு ஸ்தாயிக்கும் வேற வேற விரல் மனப்பாடம் பண்ணணும். இதெல்லாம் தாண்டி ஏ.கே.சி. நடராஜன் அந்த வாத்தியத்துல நாயன பாணிய அப்படியே கொண்டு வந்தாரேன்னு நெனைச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணும்.

கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்த அசைச்சு வாசிக்கறதுக்கு, வந்தா எல்லா வாத்தியத்துக்கும் நான் சொல்றது ஒரே வழி. பாடு. வாத்தியத்த கீழ வெச்சிட்டு பாடு. தோடி ராகத்துக் காந்தாரத்த எடுத்துக்கோங்க, அது ஒரு இடத்துல நிக்கற ஸ்வரமே கிடையாது, ஆட்டத்துலதான் அது காந்தாரம். நாயனத்துல துளைய பாதி மூடித் திறந்து, மூச்சயும் சேத்து அசைச்சாதான் வரும். புல்லாங்குழல்ல விரல் துளை மேல வழுக்கணும். சாக்ஸ்ல கீ ஒண்ணு திறந்திருக்கும் இல்ல மூடியிருக்கும், பாதி வெச்சாலும் நெனச்ச மாதிரி வராது, அப்ப தாடையும் உதடும்தான் அந்த வேலைய செய்யணும். எங்க இருந்து எங்க போகணும்னு தொண்டைக்குத் தெரியலன்னா விரலுக்கும் உதட்டுக்கும் எப்படித் தெரியும்? கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்ட்ல சாக்ஸ் கேட்டு ஆசைப்பட்டு எடுத்தவர், மங்களூர்ல கத்துக்கிட்டு, அதோட நிறுத்தாம சென்னைக்கு வந்து டி.வி. கோபாலகிருஷ்ணன்கிட்ட உக்காந்தாரு. கோபாலகிருஷ்ணன் வித்தை பாட்டும் மிருதங்கமும். சாக்ஸ் வாத்தியாரத் தேடி கத்ரி போகல, சங்கீதத்தத் தேடிப் போனாரு. என்கிட்ட வர்ற சாக்ஸ் பசங்களுக்கு இத நான் கட்டாயம் சொல்லிருவேன், நாயனம் என் வாத்தியம், உங்க கீ எல்லாத்தையும் விட உங்க காதுக்குத்தான் நான் வேலை குடுப்பேன்னு.

ஷேக் சின்ன மௌலானாவும் அப்படித்தான். ஆந்திரால பரம்பரை நாயனக் குடும்பம், நல்லா வாசிச்சிட்டு இருந்தவரு, தஞ்சாவூர் பாணி மேல இருந்த ஆசைல நாச்சியார்கோயில் ராஜம் துரைக்கண்ணு சகோதரர்கள்கிட்ட வந்து கத்துக்கிட்டு, ஸ்ரீரங்கத்துலயே குடியிருந்துட்டாரு. தேறின பிறகு ஒருத்தர்கிட்ட போய் உக்காந்து கத்துக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதவிட பெரிய உதாரணம் இல்ல.

துத்துகாரம் பத்தியும் சொல்லணும். நாக்கால ஸ்வரத்த வெட்டி வெட்டி எடுக்கறது துத்துகாரம், மூச்ச விடாம வழிய விடறது அகாரம். இப்ப வர்ற பசங்களுக்கு விரல் வேகம் இருக்கு, நாக்கு வேகம் இல்ல. அலங்காரம்ங்கற ஸ்வரப் பயிற்சிய மூணு காலத்துலயும் ஒரு தடவ அகாரத்துல, ஒரு தடவ துத்துகாரத்துல வாசிச்சா போதும், ரெண்டு மாசத்துல கல்பனாஸ்வரம் முத்து முத்தா விழும். இத சலிப்பா நெனைக்கறவங்க பாதில நின்னுருவாங்க. நிக்கட்டும்.

அப்புறம் மல்லாரி. காலேஜ் பாடத்துல கீர்த்தனைக்குத்தான் இடம் அதிகம், அது பாட்டுக்காரங்களோட சொத்து. நாயனத்தோட சொந்த சொத்து மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு கம்பீர நாட்டைல, சாகித்யமே இல்லாம, தவிலோட மல்லுக்கட்டி மூணு காலம் வாசிக்கறது. தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி, தேர் மல்லாரின்னு எத்தன இருக்கு. குமாரசாமிப்பேட்டைல தைப்பூசத்துக்கு தேர் ஓடுது, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில்ல பங்குனித் தேர் ஓடுது, அங்க போய் தேர் முன்னாடி நின்னு வாசிக்கத் தெரியாம கையில டிகிரி மட்டும் இருந்தா எனக்கு மனசு ஆறாது. அதனால கடைசி வருஷப் பசங்களுக்கு வேற எதுவும் இல்லாட்டியும் ஒரு மல்லாரி முழுசா, தவில்காரர் பக்கத்துல உக்காந்திருக்க, நின்னுட்டே வாசிக்க வெக்கறேன். உக்காந்து வாசிக்கற மூச்சும் நடந்துட்டே வாசிக்கற மூச்சும் வேற வேற, அது நடந்து பாத்தவனுக்குத்தான் தெரியும்.

முகூர்த்த சீசன்ல பசங்க செட்டோட கல்யாணத்துக்குப் போறாங்க, அதுல வர்ற காசுலதான் நிறைய பேர் ஹாஸ்டல் ஃபீஸே கட்டறாங்க, அதப் போகாதன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா மைக், ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல நாலு மணிநேரம் சினிமாப் பாட்டு ஊதிட்டு மறுநாள் காலைல என்கிட்ட வந்தா உதடு தடிச்சிருக்கும், காதும் மந்தமா இருக்கும். அன்னிக்கு வாத்தியமே வேணாம், சும்மா கேக்கலாம்னு சொல்லி ராஜரத்தினம் பிள்ளை தோடியோ நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் வாசிச்சதோ ஏதாவது போட்டுருவேன். கேக்கறதும் பாடம்தான், எந்த இடத்துல மூச்சு எடுத்தாருன்னு பென்சில்ல குறிக்கச் சொல்வேன், அதுக்கே ஒரு மணிநேரம் ஓடிரும்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பு. காலேஜ் வாத்தியாருக்குத் தெரியாம யாரும் வரக்கூடாது. அவர்கிட்ட சொல்லிட்டு, முடிஞ்சா அவர் என்ன சரிபண்ணச் சொன்னாருன்னு கேட்டுட்டு வரணும். அவர் ஒரு பாடாந்தரம், அதாவது பாட்ட அவர் வழில வாசிக்கற முறை, சொல்லிக் குடுத்திருந்தா அத நான் மாத்தமாட்டேன், சங்கதி வேறயா இருந்தாலும் மாத்தமாட்டேன், பரிட்சை வைக்கப்போறது அவர், பிள்ளைய வருஷம் பூரா பாத்துக்கறதும் அவர். ரெண்டு வாத்தியாருக்கு நடுவுல பிள்ளை மாட்டிக்கிட்டா நாதம் எங்கயும் சேராது.

இந்த வருஷம் வர்றவங்களுக்கு: மே முதல் வாரத்துல இருந்து, காலைல அஞ்சரைக்கு ஒருத்தர், ஏழுக்கு ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர், அதுக்கு மேல நான் எடுக்கறதில்ல. பென்னாகரம் ரோட்டுல இருந்து உள்ள வரணும், பஸ்ல வர்றவங்க முன்னாடியே சொன்னீங்கன்னா தம்பிய ஸ்டாப்புக்கு அனுப்பறேன். உங்க சீவாளி இல்ல ரீட் எத்தன இருக்கோ அத்தனையும், வேண்டாம்னு தூக்கிப் போட்டதையும் சேத்து, கொண்டு வாங்க. பேட்டரி போட்ட சுருதிப்பெட்டி இருந்தா அதயும் எடுத்துட்டு வாங்க, இங்க கரண்ட் சொல்லிட்டுப் போறதில்ல.